மூன்றரை மணிக்கு நின்ற கோடு

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பு நான்கு பத்துக்கு முடிந்துவிடும். நான்கு மணிக்கு மணி அடிக்கும். நான்கு ஐந்துக்கு செக்யூரிட்டி அண்ணன்கள் கட்டடம் கட்டடமாக விசில் ஊதிக்கொண்டு வருவார்கள். நான்கு பத்துக்கு அத்தனை மஞ்சள் பஸ்களும் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டும். அதைத் தவறவிட்டால் குத்தம்பாக்கத்துக்கு அப்பால் பொட்டல்வெளியில் நின்றுகொண்டு ஷேர் ஆட்டோ வருகிறதா என்று நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வராது. வீட்டிலிருந்து வந்துபோகிற மாணவர்கள் அதற்கு மேல் வளாகத்தில் இருக்கவே கூடாது என்று விதி வேறு. அவரவர் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனால் மட்டும் விதிவிலக்கு.

நான் சேர்ந்த வருடம் நுழைவாயிலில் நீரூற்று வந்தது. இரண்டாம் வருடம் அதற்குக் கலர் லைட். மூன்றாம் வருடம் செல்ஃபி எடுப்பதற்கென்று ஆளுயர எழுத்துகளோடு ஒரு மேடை. நான்காம் வருடம் கண்ணாடி போட்ட அரங்கம், உள்ளே நுழைந்தால் குளிரில் பல் கிட்டும். இந்த நான்கு வருடமும் எங்கள் உயிரித்தொழில்நுட்பத் துறைக்கு இருந்தது ஒரே ஒரு ஷேக்கர். குடுவைகளை வைத்துக் குலுக்கும் இயந்திரம் அது. ஒரு பக்கம் காலொடிந்து, பழைய ரெக்கார்டு நோட்டை மடித்து முட்டுக் கொடுத்தால்தான் ஓடும். இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது, இன்னும் எரிகிறது என்றால் பாருங்கள்.

எனக்கு எப்போதும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் வாய் ஆடும். "கால்ல சக்கரமாடி கட்டிக்கினு பொறந்த?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். திருநின்றவூரில் எங்களுக்கு வாடகை வீடு. பஸ் கல்லூரியிலிருந்து கிளம்பி பூந்தமல்லி, ஆவடி என்று ஊரெல்லாம் சுற்றி, முத்தாபுதுப்பேட்டைப் பையன்களை இறக்கிவிட்டு, கடைசியாக என்னைத் தள்ளிவிட்டுப் போகும். அவ்வளவு நேரம் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதே எனக்குத் தண்டனை. பூந்தமல்லி வரைக்கும் மட்டும் தண்டனையாகத் தெரியாது. அதுவரை என் தோழி பக்கத்தில் இருப்பாள்.

அவள் பூந்தமல்லிக்காரி. அவள் அத்தாவுக்குக் கடைத்தெருவில் தையல் கடை. காலேஜ் பஸ்ஸில் போய் காலேஜ் பஸ்ஸில் வர வேண்டும், வேறு எதிலும் ஏறக்கூடாது, இந்த ஒரே நிபந்தனையோடுதான் அவளைச் சேர்த்தார். மற்றபடி மகள் படிப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அவளுடைய லேப் கோட்டை அவரே தைத்தார். எங்கள் வகுப்பிலேயே உடம்புக்குச் சரியாகப் பொருந்திய ஒரே கோட்டு அதுதான். நாங்கள் எல்லாம் மூட்டைக்குள் புகுந்தவர்கள் மாதிரி இருப்போம்.

கடைசி வருட புராஜெக்ட்டுக்கு நான் எளிதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே முடிக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் பட்டறைகளுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் எந்த உயிரும் பிழைக்காது என்பார்கள். அதில் பிழைத்திருக்கிற நுண்ணுயிர் ஒன்றைப் பிடித்து, அது தண்ணீரிலிருந்து குரோமியத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். அந்தத் தண்ணீரைக் கேனில் பிடித்துவந்து கொடுத்தவர் என் அப்பா. அவர் வேலை பார்ப்பது அப்படியொரு பட்டறையில்தான். "இத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போவுது அந்தப் பொண்ணு?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

அவள் செய்தது இதுதான். காலை ஒன்பதரைக்கு நுண்ணுயிரைக் குடுவையில் போட்டு ஷேக்கரில் வைப்பாள். மணிக்கு ஒருதரம் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது, குரோமியம் எவ்வளவு மிச்சம் என்று அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பாள். முதல் சில மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கலங்கல் மெல்ல ஏறும். அந்த உயிர் தன் வேலையைக் காட்டுவது ஏழெட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. ஆனால் மூன்றரைக்கு ஒரு புள்ளி வைத்தால் அடுத்தது நான்கரைக்கு. நான்கு பத்துக்கு பஸ். அவள் கோடு எப்போதும் மூன்றரையில் நின்றுவிடும். சாயங்காலம் போட்டுவிட்டுப் போனால் காலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்து செத்துக் கிடக்கும். நடுவில் நடந்ததை யார் பார்த்தது?

நான்கரை, ஐந்தரை, ஆறரை. அவளுக்கு வேண்டியிருந்தது இந்த மூன்று புள்ளிகள்.

ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நகரத்துக்குள் இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதுகலைப் படிப்புக்கு அவள் நுழைவுத்தேர்வு எழுதித் தேறியிருந்தாள். எங்கள் துறையில் அதுவரை யாரும் தேறியதில்லை. பாக்கி இருந்தது நேர்காணல் மட்டும். அங்கே புராஜெக்ட்டைத்தான் குடைவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். முழுக்கோட்டோடு போனால் சீட்டு, பாதிக்கோட்டோடு போனால் சந்தேகம்.

விடுதியில் இருந்த ஒரு பையனிடம் ஒருநாள் அந்த மூன்று ரீடிங்கை எடுத்துத் தரச் சொன்னாள். மறுநாள் தாளை நீட்டினான். பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எண்கள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன.

"நீ எடுத்தியா, போட்டியா?" என்றாள்.

"மச்சி, எல்லாம் ஒண்ணுதான். கைடு சாரு பாக்கவா போறாரு?" என்று சிரித்தான்.

அவள் அந்தத் தாளை நான்காக மடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டாள். நானென்றால் அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் அப்படியில்லை. கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும்.

மனு எழுதியது நான். ஏழு மணிக்கு ஒரே ஒரு பஸ் விட்டால் போதும், பூந்தமல்லி ஆவடிப் பக்கம் போகிற எல்லோரும் லேபிலும் நூலகத்திலும் உட்காரலாம் என்று எழுதி எங்கள் பஸ்ஸில் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். வழிகாட்டிப் பேராசிரியர் மூலமாகத் துறைத்தலைவர், அவர் மூலமாக டீன், டீன் மூலமாகப் பதிவாளர் என்று அந்தக் காகிதம் ஏணி ஏறியது. பதிவாளர்தான் எங்களுக்கு எல்லாம். வேந்தர், இணைவேந்தரை எல்லாம் படத்திலும் மேடையிலும் பார்ப்பதோடு சரி. இரண்டு மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது, டிரைவர்களின் பணிநேரம் காரணமாக இயலாது என்று.

அந்த வாரமே கலைவிழாவுக்கு ஒரு நடிகர் வந்தார். ஒன்பது மணி வரைக்கும் அத்தனை பஸ்களும் வரிசை கட்டி நின்றன. அன்றைக்கு எந்த டிரைவருக்கும் பணிநேரம் இல்லை. எங்கள் டிரைவர் அண்ணனிடம் வெடித்தேன். அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"நா இன்னாமா பண்றது? ஏழு மணிக்கு எடுன்னா ஏழு மணிக்கு எடுத்துகினு போப்போறேன். வண்டி சும்மாத்தான கீது. நம்மள யாரு கேக்கறா? மேல கீறவங்கள கேளும்மா."

மேலே இருக்கிறவர்களைக் கேட்க என்னைவிட வசதியானவள் அந்த வளாகத்திலேயே இல்லை. அது இன்னொரு கதை. முதலாம் ஆண்டில் ஆசிரியர் தின விழாவைத் தொகுத்து வழங்க வேண்டிய சீனியருக்குக் காய்ச்சல். யாராவது வாசியுங்கள் என்று என் கையில் தாளைத் திணித்தார்கள். வாசித்தேன். வேந்தருக்குக் குரல் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து குத்துவிளக்கு ஏற்றினாலும் நான்தான், சால்வை போர்த்தினாலும் நான்தான். மேடையில் எனக்கு ஒரு பட்டுப்புடவையும் கையில் ஒரு மைக்கும் நிரந்தரம். வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திரிந்தவள் இப்படி அவர்கள் விழாவுக்கெல்லாம் வாயைக் கொடுத்துக்கொண்டிருந்தது எனக்கே உறுத்தும். ஆனால் பிடித்தும் இருந்தது. பொய் சொல்வானேன். கூட்டம் முழுக்க நம்மைப் பார்க்கிறது என்பது ஒரு போதைதான்.

அந்த வேலையில் ஒரே ஒரு பாடம். வரிசை. வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர், பதிவாளர், டீன்கள், துறைத்தலைவர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஓர் அடைமொழி. தொலைநோக்குச் சிந்தனையாளர் ஒருவர், கல்விக் காவலர் ஒருவர். ஒருமுறை துணைவேந்தரை முன்னால் சொல்லி இணைவேந்தரைப் பின்னால் சொல்லிவிட்டேன். மறுநாள் அரை நாள் பதிவாளர் அலுவலக வாசலில் நிற்க வைத்தார்கள். அதற்கப்புறம் குளிக்கும்போதுகூட வரிசை தப்பாமல் சொல்வேன்.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்துக்குக் கிரேடு போடுகிற தர ஆய்வுக் குழு வருகிறது என்றார்கள். வளாகத்துக்கே காய்ச்சல் வந்தது மாதிரி இருந்தது. நர்சரியிலிருந்து தொட்டிச்செடிகள் லாரியில் இறங்கின. கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. நான்கு வருடமாகக் கேட்ட தாழ்ப்பாள். எங்கள் லேபுக்குப் புத்தம்புது ஷேக்கர் ஒன்று வந்து இறங்கியது, பிளாஸ்டிக் உறையோடு. உறையைக் கழற்றக்கூடாது, குழு பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். என் தோழி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்தில் ரெக்கார்டு நோட்டு முட்டுக்கொடுத்த பழைய ஷேக்கர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

குழு மாணவர்களைச் சந்திக்கும் கூட்டத்துக்கு ஆள் பொறுக்கினார்கள். முதல் பெயரே என்னுடையது. பொறுக்கப்பட்டவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. இந்தக் கேள்விக்கு இந்தப் பதில். குறை என்ன என்று கேட்டால், விளையாட்டு மைதானத்தில் இன்னொரு கேலரி இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்ல வேண்டுமாம். குறையையும் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் ஒரே ரகளை. கடைசி சீட்டுப் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீதான் கேக்கணும். கமிட்டி முன்னாடி கேட்டா இவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"கேலரியாம் கேலரி. அத்த சொன்ன, பஸ்ஸ உட்டு எறக்கிடுவோம்."

"கேக்கறேன்டா. எனக்கென்ன பயம்? மைக் என் கையில," என்றேன்.

பூந்தமல்லியில் இறங்கும்போது என் தோழி என் தோளைத் தொட்டு, "ஒரே ஒரு வரி போதும்டி. ஏழு மணிக்கு ஒரு பஸ். வேற எதுவும் சண்டை போடாத," என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

குழு வந்த அன்று அவளைப் புது ஷேக்கருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், அத்தா தைத்த கோட்டுக்காகத்தான். நான் கண்ணாடி அரங்கத்தில் முதல் வரிசையில் இருந்தேன். மேடையில் ஐந்து பேர். தலைவர் நரைத்த முடியும் கைத்தறிப் புடவையுமாக ஒரு வடநாட்டு அம்மாள். நல்ல முகம். கேட்டால் காது கொடுப்பார் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பதிவாளர் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். "பயப்படாமல் பேசுங்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்," என்று ஆங்கிலத்தில் சொன்னார் அந்த அம்மாள். எனக்கு முன்னால் நான்கு பேர் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தார்கள். கேலரிக்காரனும் பேசினான். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கு ஒரு பஸ், ஏழு மணிக்கு ஒரு பஸ் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மைக் என் கைக்கு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தில் மேடைச் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. அனைவருக்கும் இனிய காலை வணக்கம் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தொலைநோக்குச் சிந்தனையாளர் எங்கள் வேந்தர், கல்விக் காவலர் எங்கள் இணைவேந்தர், துணைவேந்தர், பதிவாளர், டீன்கள். ஒருவர் தப்பவில்லை, ஓர் அடைமொழி குறையவில்லை. இந்த வாய்ப்பை நல்கியமைக்கு நன்றி வேறு. உள்ளே ஒருத்தி, நிறுத்துடி, பஸ்ஸைச் சொல்லுடி என்று கத்திக்கொண்டிருந்தாள். வாய் அது பாட்டுக்கு ஓடியது. ஒருவழியாகப் போக்குவரத்து என்ற சொல்லைப் பிடித்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் என் நாக்குக்குத் தெரிந்திருந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு விழாவிலும் விருந்தினர்களுக்கு நான் வாசிக்கிற கையேட்டு வாக்கியம். எங்கள் வளாகத்திலிருந்து நகரின் எல்லாத் திசைகளுக்கும் மாணவர் நலன் கருதிச் சிறப்பான பேருந்து வசதி செய்யப்பட்டுள்ளது. ஏற்ற இறக்கத்தோடு, பிசகில்லாமல் சொன்னேன்.

அந்த அம்மாள் புன்னகைத்து எதையோ குறித்துக்கொண்டார். நிமிடம் முடிந்தது. மைக் அடுத்தவனுக்குப் போயிற்று. கைதட்டினார்கள். பதிவாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பழக்கம் மட்டும்தானா என்று கேட்டால் இல்லை. அலுவலக வாசலில் நின்ற அரை நாள் எங்கோ அடிவயிற்றில் இருந்தது. கைதட்டல்மேல் ஆசையும் இருந்தது. எல்லாம் சேர்ந்துதான் என்னை அப்படிப் பேச வைத்தன. எழுந்து மறுபடி மைக்கைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னும் முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு பத்துக்கு பஸ்ஸில் ஏறியபோது அவள் ஜன்னல் சீட்டில் இருந்தாள். முகம் மலர்ந்திருந்தது. லேபுக்கு இரண்டே நிமிடம்தான் வந்தார்கள், "இது ஓடுமா" என்று கேட்டார்கள், சார் "ஓடும்" என்று சொல்லிவிட்டார் என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"என்னடி ஆச்சு? கேட்டியா?"

"கேட்டேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். பின்சீட்டுப் பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் அரங்கத்துக்குள் இல்லை; அங்கே இருந்தவர்கள் எல்லாம் வேறு துறை, வேறு பஸ். அவள் கண் அப்படிப் பார்த்தது.

"என்ன சொன்னாங்க?"

"பாக்கலாம்னாங்க. எழுதிக்கிட்டாங்க."

எழுதிக்கொண்டார்கள் என்பது உண்மைதான். பையன்கள் சீட்டைத் தட்டினார்கள். "கெத்து மாமே," என்றான் ஒருவன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு திருமழிசை தாண்டும் வரை விடவேயில்லை. எனக்கு அந்தக் கையை உதறிவிட்டு ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கலாமா என்று இருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் எனக்கு நரகம். அவள் தினமும் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு வருவாள். "இன்னும் போடல. குழு ரிப்போர்ட் வந்தப்புறம் போடுவாங்களோ?" என்பாள். நான் எதையாவது உளறுவேன். திருநின்றவூர் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுப்பேன். நாளைக்கு வரும், பஸ் வரும், அவள் கேட்பாள், நான் மழுப்புவேன்.

ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்: "அத்தாகிட்ட சொல்லியிருந்தேன்டி. ஒரு நாள் கடைய மூடிட்டு நானே வந்து நிக்கிறேன், கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வரேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். பஸ்ஸே வரப்போவுதே, எதுக்கு அவருக்கு ஒரு நாள் வேலை கெடணும்?"



மறுநாள் காலை வகுப்புக்குப் போகாமல் நேராகப் பதிவாளர் அறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். "வாம்மா, வா. கமிட்டி மேடம் உன்னப் பத்திதான் சொல்லிட்டுப் போனாங்க. பட்டமளிப்பு விழாவும் நீதான்," என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன். ஏழு மணி பஸ், லேப், மூன்று ரீடிங், அவளுடைய நேர்காணல் எல்லாம். அன்றைக்கு அரங்கத்தில் என் சொல்பேச்சு கேட்காத வாய் இங்கே நன்றாகத்தான் வேலை செய்தது.

அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. எல்லாம் முடிந்துவிட்ட ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர் சிரிப்பு.

"அடடா, இத அன்னைக்கே அவங்க முன்னாடி கேட்டிருக்கலாமேமா. அவங்க உக்காந்திருக்கும்போது நான் முடியாதுன்னா சொல்லியிருப்பேன்? அங்கயே ஆர்டர் போட்டிருப்பேன். இப்ப பட்ஜெட் எல்லாம் முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"அடுத்த வருஷம் நாங்க இருக்க மாட்டோம் சார்."

"உங்க ஜூனியர்ஸ் இருப்பாங்க இல்ல?" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தார்.

அன்று மதியமே அவளிடம், பஸ் வராது போலிருக்கிறது, அத்தாவையே வரச் சொல்லேன் என்றேன். உண்மையில் பாதிதான் அது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இப்பவா? நோன்பு ஆரம்பிச்சு மூணு நாளாச்சு. கடையில கால் வைக்க இடமில்ல. பெருநாள் துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. நோன்பு திறக்கறதே மெஷின் பக்கத்துலதான். அவர எப்படிடி கூப்பிடறது?"

பெருநாள் கழித்துக் கூப்பிடலாம் என்றால் புராஜெக்ட் ஒப்படைக்கும் தேதி அதற்கு முன்பே வந்தது. எங்கள் டீனுக்கு எதற்கும் அவசரம் இல்லை, தேதிக்கு மட்டும் அவசரம். தேதியைத் தள்ளச் சொல்லி அவளே போய்க் கேட்டாள். முடியாது என்றுவிட்டார். புது ஷேக்கரின் உறையை அதற்குள் கழற்றியிருந்தார்கள். அருமையான இயந்திரம், சத்தமே இல்லாமல் குலுக்கியது. அவள் நோன்போடு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், அதன் பக்கத்தில் நின்று ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை புள்ளி வைத்தாள். ஐந்து நாள் தொடர்ந்து வைத்தாள். ஐந்து கோடும் ஒரே இடத்தில் நின்றன. விசில் கேட்டதும் குடுவையை எடுத்துக் கொட்டிக் கழுவிவிட்டு வருவாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் நல்ல மனிதர். அவருக்கும் பாவம், என்ன அதிகாரம் இருக்கிறது? அவளை அழைத்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே, "மிச்சம் மூணு பாயின்ட் நீயே போட்டுக்கோம்மா. போக்கு தெரியுதுல்ல? எல்லாரும் பண்றதுதான்," என்றார். எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. போட்டுக்கொள்ளடி, உனக்குத்தான் சீட்டு முக்கியம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள், "தெரிஞ்ச வரைக்கும் போட்டா போதும் சார்," என்றாள். அப்படியே ஒப்படைத்தாள். கோடு நின்ற இடத்தில், இதற்கு மேல் அளக்கப்படவில்லை என்று எழுதியிருந்தாள்.

நேர்காணலுக்கு அத்தாவோடு போனாள். திரும்பி வந்து, "நல்லாதான்டி கேட்டாங்க," என்று மட்டும் சொன்னாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. பட்டமளிப்பு விழாவைத் தொகுத்து வழங்க முடியாது என்று பதிவாளரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். தொண்டை சரியில்லை என்றேன். அதிலும் ஒரு பொய்.

தேர்வானவர்கள் பட்டியல் வந்த அன்று அம்பத்தூரில் வேலைக்கான நேர்முகத்துக்காக நான் ஒரு அலுவலக வாசலில் காத்திருந்தேன். ஃபோன் வந்தது.

"கெடைக்கலடி," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வெயிட்டிங் லிஸ்ட்லயும் இல்ல."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். நேர்காணலில் என்னதான் கேட்டார்கள் என்றேன்.

"கோடு ஏன் பாதியில நிக்குதுன்னு கேட்டாங்க. நாலு பத்துக்கு பஸ் சார்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் ஒரு மேடம் கேட்டாங்க, ஏன்மா, லேட்டா ஒரு பஸ் விடச் சொல்லி உங்க காலேஜ்ல யாரும் கேக்கலையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கேட்டோம் மேடம்னு சொன்னேன். கமிட்டி வந்தப்ப அத்தனை பேர் முன்னாடி என் ஃப்ரெண்ட் எழுந்து நின்னு மைக்ல கேட்டா, யாரும் காதுல போட்டுக்கலன்னு சொன்னேன்." அவளுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "எனக்கு அதுல ஒரு திருப்திடி. நீ ஒருத்தியாவது கேட்டியே."

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன்.